டேப் சுற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுப் பக்கத்துப் படங்களில் வீரர்களின் தோளிலும் முழங்காலிலும் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பட்டைகள் ஒட்டியிருப்பதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, விளையாடும் பிள்ளைகள் ஒரு சுருள் டேப் வாங்கி, எங்கே வலிக்கிறதோ அங்கே ஒட்டிக்கொண்டு களத்தில் இறங்குகிறார்கள். பல பயிற்சியாளர்களும் அப்படித்தான் ஒட்டிவிடுகிறார்கள். டேப்பும், மூட்டைத் தாங்க அணியும் உறையான பிரேஸும் உண்மையாகவே கைகொடுக்கும் இடங்கள் உண்டு. ஒரு மூட்டு ஒரு திசையில் ஓரளவுக்கு மேல் போகாமல் தடுப்பதுதான் அங்கே அவை செய்யும் வேலை. ஆகவே, எந்த அசைவைத் தடுக்கப் போகிறோம் என்று சொல்லத் தெரியாமல் யாரும் சுருளைப் பிரிக்கக் கூடாது. விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் இயன்முறை மருத்துவர்களாகிய நாங்கள் சொல்ல வந்தது இதுதான். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

கணுக்காலை எடுத்துக்கொள்வோம். கால் மடங்கும்போது பெரும்பாலும் பாதம் கீழ்நோக்கி வளைந்தபடி உள்பக்கம் திரும்புகிறது. அப்போது கிழிவது வெளிப்பக்க லிகமென்ட். பேச்சில் ஜவ்வு என்கிறோமே, அதுதான். வெளிப்பக்கம் மூன்று லிகமென்ட்கள் இருக்கின்றன. முன்னால் இருப்பதுதான் முதலில் பாதிக்கப்படும், அடி பலமாக இருந்தால் நடுவில் இருப்பதும் கிழியும். எனவே நாம் தடுக்க வேண்டியது பாதம் உள்பக்கம் திரும்புவதை. மேலும் கீழுமான அசைவு ஓடவும் குதிக்கவும் தேவை, அதைக் கூடியவரை விட்டுவைக்க வேண்டும். கிரேப் பேண்டேஜை வட்ட வட்டமாகச் சுற்றினால் வீக்கம் கொஞ்சம் கட்டுப்படும். பாதம் திரும்புவதை அது தடுக்காது. கடைகளில் கிடைக்கும் எலாஸ்டிக் கணுக்கால் உறையும் அப்படித்தான். சூடும் அழுத்தமும் தரும், அதைத் தாண்டி எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

டேப்பைத் தொடுவதற்கு முன் எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் உருவாக்கப்பட்டு 1992இல் வெளியான விதிகள் இதற்கு உலகம் முழுவதும் பயன்படுகின்றன. கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பு முட்டுகளை, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை, பின்விளிம்பில் விரலால் அழுத்துங்கள். பாதத்தின் வெளிவிளிம்பில், சுண்டுவிரல் எலும்பு தொடங்குமிடத்தில் உள்ள புடைப்பை அழுத்துங்கள். உள்பக்கம், பாத வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். இவற்றில் எங்காவது எலும்பின் மேலேயே வலித்தாலும், அடிபட்ட உடனேயும் பிறகு பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் போனாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். நொண்டியபடி நடந்தாலும் அது நடையாகவே கணக்கு. வளரும் பிள்ளைகளிடம் இன்னும் கவனம் தேவை. அவர்களுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டு லிகமென்ட்டைவிட எளிதில் பிளக்கக்கூடியது, அதனால் "வெறும் சுளுக்குதான்" என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. முறிந்த எலும்பின் மேல் இறுக்கமாக டேப் ஒட்டி விளையாட அனுப்புவதைப் போல ஆபத்தானது இந்தத் துறையில் வேறில்லை.

முதல் 2, 3 நாட்களில் வீக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் நீளாத வெள்ளை டேப்பைக் காலைச் சுற்றி முழு வளையமாக ஒட்டினால் வீக்கத்துக்குப் போக வழியிருக்காது, ரத்த ஓட்டம் தடைபடும். அப்போது எலாஸ்டிக் கட்டும், காலை உயர்த்தி வைப்பதும் போதும். டேப் போட்டே ஆக வேண்டுமென்றால் முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்திருக்குமாறு பட்டைகளைப் பக்கவாட்டில் மட்டும் ஒட்டலாம். காலை ஊன்றவே முடியாத அளவுக்குக் கடுமையான சுளுக்கென்றால் டேப்பை மறந்துவிடுங்கள். 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அப்படிப்பட்ட 584 பேருக்கு நான்கு வகை ஆதரவு கொடுத்துப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே 10 நாட்கள் மாவுக்கட்டு போட்டவர்கள், குழாய் வடிவ எலாஸ்டிக் கட்டு மட்டும் போட்டவர்களைவிட 3 மாத முடிவில் நன்றாகத் தேறியிருந்தார்கள். 9 மாதத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஆனாலும் அந்த முதல் மாதங்கள் ஒரு விளையாட்டு வீரருக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி, வீக்கம் வடிந்து, வலியில்லாமல் மெல்ல ஓட முடிகிற கட்டத்தில் டேப் போடும் முறை. 38 மி.மீ. அகலமுள்ள, நீளாத ஜிங்க் ஆக்ஸைடு டேப் வேண்டும். 13.7 மீட்டர் சுருளில் பாதிக்கு மேல் ஒரு கணுக்காலுக்கே போய்விடும். சிக்கனம் பார்த்து நாலு பட்டையோடு நிறுத்துவதைவிட ஒட்டாமலே இருக்கலாம். முடியை முந்தைய நாளே மழித்துவிடுங்கள். ஒட்டுவதற்குச் சற்று முன் மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் பசை எரிச்சல் உண்டாக்கும். தோல் காய்ந்து, எண்ணெயோ களிம்போ இல்லாமல் இருக்க வேண்டும். கணுக்காலின் முன்மடிப்பிலும் குதிகாலுக்கு மேல் பின்நரம்பு என்று சொல்லப்படும் தடித்த தசைநாணிலும்தான் டேப் உரசிக் கொப்புளம் கிளப்பும். அந்த இரண்டு இடத்திலும் வாசலைன் தடவிய மெல்லிய பஞ்சுத் துண்டு வையுங்கள். அதன் மேல் நுரை போன்ற அடிச்சுற்று ஒரே ஒரு அடுக்கு. இரண்டு மூன்று அடுக்கு சுற்றினால் டேப் தோலைப் பிடிக்காமல் அந்த நுரையின் மேலேயே வழுக்கும்.

விளையாடுபவர் மேசையில் உட்கார்ந்து, கெண்டைக்காலின் பாதியிலிருந்து வெளியே நீட்டியிருக்கட்டும். பாதம் காலுக்கு 90 பாகையில், ஒரு சிறிது வெளிப்பக்கம் திரும்பியபடி, ஒட்டி முடிக்கும் வரை இருக்க வேண்டும். சோர்ந்துபோய்ப் பாதத்தைத் தொங்கவிட்டால், காயம் ஏற்படுகிற அதே நிலையில் டேப் உறுதியாகிவிடும். அப்படிப் போட்ட டேப் பார்க்க அழகாக இருக்கும், எதையும் பிடிக்காது. பயிற்சியாளர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை இது.

முதலில், மற்றப் பட்டைகளுக்குப் பிடிப்பாக இருக்கும் நங்கூரப் பட்டைகள். எலும்பு முட்டுகளுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று பாதி படியுமாறு. அவற்றின் மேல்பாதி அடிச்சுற்றைத் தாண்டி நேரடியாகத் தோலில் ஒட்ட வேண்டும். பாதத்தின் நடுவில் ஒன்று, இழுக்காமல் சும்மா படியவைத்து. எடை ஏறும்போது பாதம் அகலும், இங்கே இறுக்கினால் பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும். அடுத்தது இந்தக் கட்டின் உயிர்நாடியான பட்டை: மேல் நங்கூரத்தின் உள்பக்கத்தில் தொடங்கி, உள்முட்டுக்குப் பின்னால் இறங்கி, குதிகாலின் அடியில் போய், வெளிப்பக்கம் இழுத்து ஏற்றி, நங்கூரத்தின் வெளிப்பக்கத்தில் முடிக்க வேண்டும். இழுப்பு எப்போதும் உள்ளிருந்து வெளியே. திசையை மாற்றினால் பாதத்தை நாமே காயம்பட்ட பக்கம் திருப்பிக் கட்டியதாகிவிடும். இப்படி மூன்று பட்டைகள், ஒவ்வொன்றும் முந்தையதில் பாதியை மூடி, சற்று முன்னால் நகர்ந்து. ஒவ்வொரு செங்குத்துப் பட்டைக்கும் இடையே குதிகாலின் பின்புறமாக லாட வடிவில் ஒரு கிடைப் பட்டை போட்டால் கூடை முடைந்ததுபோல் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும்.

அதன் மேல் குதிகால் பூட்டு. கணுக்காலின் முன்பக்கத்தில் தொடங்கி ஒரு பக்கமாக இறங்கி, குதிகாலின் பின்புறம் வளைந்து, அடிவழியாக மறுபக்கம் ஏறி முன்னால் வந்து முடியும். இரு திசையிலும் இரண்டிரண்டு. கற்றுக்கொள்ளக் கஷ்டமானதும் இதுதான், பலர் விட்டுவிடுவதும் இதுதான். ஆனால் குதி எலும்பு ஆடாமல் பிடிப்பது இந்தப் பூட்டுதான். கடைசியில் கீழிருந்து மேலாகத் தனித்தனிப் பட்டைகளால் மூடி முடியுங்கள். கெண்டைக்காலைச் சுற்றும் எந்தப் பட்டையையும் தொடர்ந்து சுற்றாமல், ஒரு சுற்றுக்கு ஒரு முறை கிழித்து ஒட்ட வேண்டும். ஓடும்போது தசை புடைக்கும், ஒரே நீளமாகச் சுற்றிய டேப் அதற்கு இடம் கொடுக்காது. சுருக்கமும் இருக்கக் கூடாது, பட்டைகளுக்கு நடுவே தோல் எட்டிப் பார்க்கும் ஜன்னலும் இருக்கக் கூடாது. இரண்டுமே கொப்புளத்தில் முடியும்.

ஒட்டி முடிந்ததும் கால்விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். விரல்கள் குளிர்ந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ உடனே வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். "கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடும்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். நீரிழிவால் கால் உணர்வு குறைந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கையே கேட்காது. அவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் இறுக்கமான டேப் போடவே கூடாது.

இத்தனை கவனமாகப் போட்ட டேப்பும் தளரும். கணுக்கால் டேப் 10 நிமிடக் கடும் பயிற்சியிலேயே தன் பிடிப்பில் சுமார் 40 சதவீதத்தை இழப்பதை 1962லேயே அளந்து காட்டிவிட்டார்கள். வியர்வையும் தோலின் அசைவும் காரணம். தளர்ந்த பிறகும் அது ஓரளவு உதவுகிறது. பாதம் எல்லை மீறிப் போவதைத் தடுக்கும் பிடிப்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கால் இருக்கும் நிலையைத் தோல் வழியாக நினைவூட்டுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள், அதில் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும் காலையில் ஒட்டிய டேப்பை நம்பி மாலையில் ஆடுவது வீண்.

இதனால்தான், தினமும் டேப் போட்டுவிடத் தேர்ந்த கை பக்கத்தில் இல்லாத எல்லாருக்கும் நாங்கள் பரிந்துரைப்பது ஷூ லேஸ்போலக் கட்டும் கணுக்கால் பிரேஸ். தாமே போட்டுக்கொள்ளலாம், இடைவேளையில் இறுக்கிக்கொள்ளலாம், கழற்றித் துவைத்து மறுபடி அணியலாம். அமெரிக்காவில் பள்ளிக் கூடைப்பந்து ஆடும் 1,460 மாணவர்களை வைத்து நடந்து 2011இல் வெளியான ஆய்வில், இந்தப் பிரேஸ் அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காய விகிதம் அணியாதவர்களில் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்கும் சுளுக்காதவர்களுக்கும் இது பொருந்தியது. மீறி வந்த காயங்களின் கடுமை மட்டும் குறையவில்லை.

இன்னொரு ஆய்வை நாங்கள் மிகவும் முக்கியமாகக் கருதுகிறோம். நெதர்லாந்தில் சுளுக்கு ஆறிய 384 பேரை ஓராண்டு கவனித்து 2014இல் வெளியிட்டார்கள். 8 வாரம் சமநிலைப் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 27 சதவீதத்தினருக்கு மறுபடி சுளுக்கியது. ஓராண்டு முழுவதும் விளையாடும்போது பிரேஸ் அணிந்தவர்களில் 15 சதவீதம். 8 வாரம் பயிற்சியும் பிரேஸும் சேர்த்துச் செய்தவர்களில் 19 சதவீதம். சேர்த்துச் செய்தவர்கள் ஏன் பின்தங்கினார்கள் என்று வியப்பாக இருக்கும். அவர்கள் 8 வாரத்தில் பிரேஸைக் கழற்றிவிட்டார்கள் என்பதைக் கவனித்தால், எங்களுக்குப் புரிகிற பாடம் தெளிவு: வலி போனதும் கழற்றாதீர்கள், ஓராண்டு அணியுங்கள். பயிற்சியையும் விடாதீர்கள். ஒற்றைக் காலில் 30 நொடி நில்லுங்கள். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு பந்தைத் தூக்கிப் பிடித்தபடி, பிறகு தலையணை மேல். வாரம் மூன்று முறை போதும். பிரேஸ் போட்டால் கால் பலவீனமாகிவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. 8 வாரம் தொடர்ந்து அணிந்த பிறகும் காலைக் காக்கும் வெளிப்பக்கத் தசை எதிர்வினையாற்றும் வேகம் குறையவில்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பிரேஸ் வாங்கும்போது கண்ணால் அளவு பார்க்காதீர்கள். தயாரிப்பாளர் சொல்லும் இடத்தில் நாடாவால் அளந்து வாங்குங்கள், வீக்கம் வடிந்த காலில். தையல் உறுத்தாத மெல்லிய காலுறைக்கு மேல் அணிந்து, குதிகாலைப் பின்னால் முட்டவைத்துவிட்டுக் கயிற்றைக் கட்டுங்கள். பாதத்தின் மேல் தளர்வாக, கணுக்காலை நெருங்கும்போது இறுக்கமாக. அடியிலிருந்து வெளிப்பக்கம் மேலேறும் பட்டையைத்தான் நன்றாக இழுக்க வேண்டும். உடலைச் சூடுபடுத்தும் ஓட்டம் முடிந்ததும் ஒரு முறை, இடைவேளையில் ஒரு முறை மீண்டும் இறுக்குங்கள். காலணி இறுகினால் உள்ளே இருக்கும் மெத்தையை எடுத்துப் பாருங்கள். கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். வெல்க்ரோவில் நூலும் முடியும் சேர்ந்து பிடிப்பு போய்விட்டால் அந்தப் பிரேஸின் வேலை முடிந்தது.

வண்ணப் பட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 1970களில் ஜப்பானில் கென்ஸோ காசே உருவாக்கிய கினிசியாலஜி டேப் இது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உலகத்தின் கண்ணில் பட்டது. தன் நீளத்தில் சுமார் பாதி அளவு கூடுதலாக நீளக்கூடியது. நீளும் பொருளால் மூட்டைத் தடுத்து நிறுத்த முடியாது, அவ்வளவுதான் விஷயம். சிலருக்கு வலி சிறிது காலம் கொஞ்சம் குறைகிறது. மற்றபடி, தசைக்குப் பலம் கூட்டும், காயத்தைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. நிறத்துக்கு நிறம் பலனில் எந்த வேறுபாடும் இல்லை. போட்டுக்கொள்ள விரும்புபவர்கள் மூலைகளை வட்டமாக வெட்டி, இரு முனையிலும் 3 செ.மீ. துளியும் இழுக்காமல் ஒட்டுங்கள். ஒட்டியபின் தேய்த்துச் சூடாக்கினால்தான் பசை பிடிக்கும். நிறைய இழுத்தால் நிறையப் பலன் என்று நினைத்து முழுதாக இழுத்து ஒட்டியவர்களின் தோலில்தான் முனைகளில் கொப்புளம் வருகிறது.

முழங்காலில், படி இறங்கும்போது சில்லுக்குப் பின்னால் வலிப்பவர்களுக்கு ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் ஜென்னி மெக்கானல் 1980களில் அறிமுகப்படுத்திய முறை உதவும். அடியில் மென்மையான வெள்ளைப் பட்டை, மேலே நீளாத டேப்பால் சில்லை உள்பக்கமாக மெல்ல நகர்த்திப் பிடிப்பது. ஒட்டியவுடன் அதே படியில் இறங்கிப் பாருங்கள். வலி அங்கேயே கணிசமாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் இடம் மாற்றி ஒட்டுங்கள், அப்போதும் குறையாவிட்டால் எடுத்துவிடுங்கள். இது தொடை, இடுப்புத் தசைப் பயிற்சியை வலியில்லாமல் செய்ய ஒரு வழி, பயிற்சிக்கு மாற்று அல்ல. திரும்பும்போது முழங்கால் நழுவி விலகுகிறது, அடிபட்ட சில மணி நேரத்திலேயே வீங்கியது என்றால் டேப்பும் வேண்டாம், நீ-கேப்பும் வேண்டாம். உள்ளே இருக்கும் முன் சிலுவை லிகமென்ட் அறுந்திருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். உள்பக்க லிகமென்ட் காயத்துக்கு மருத்துவர் கீல் வைத்த பிரேஸ் எழுதித் தந்தால், கெண்டைச்சதை புடைப்பதற்குச் சற்று மேலே வரும் பட்டையை முதலில் கட்டுங்கள். அதுதான் பிரேஸைத் தாங்குகிறது. அதை விட்டுவிட்டு மேலிருந்து கட்டத் தொடங்கினால் நாலு ஓட்டத்தில் பிரேஸ் சரிந்து, கீல் மூட்டுக்குக் கீழே போய்விடும்.

விரலில்தான் அலட்சியம் அதிகம், இழப்பும் அதிகம். பந்து பட்டு நடுமூட்டு பக்கவாட்டில் சுளுக்கினால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டலாம். விரல்களுக்கு இடையே வியர்வை உறிஞ்ச ஒரு துண்டு காஸ் துணி வைத்து, மூட்டுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு மெல்லிய பட்டைகள். மூட்டு மடங்கச் சுதந்திரமாக இருக்க வேண்டும். ஆனால் விரல் நுனி தொங்கிப்போய், தானாக நிமிர்த்த முடியவில்லை என்றால் இந்தக் கட்டு உதவாது. நிமிர்த்தும் தசைநாண் நுனியில் அறுந்திருக்கிறது. நுனி மூட்டை மட்டும் நேராக வைக்கும் விறைப்பான ஸ்ப்ளின்ட்டை 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் போட வேண்டும். கழுவுவதற்காகக் கழற்றும்போதுகூட மேசையில் விரலைத் தட்டையாக வைத்திருக்க வேண்டும். ஒரு முறை நுனி தொங்கினாலும் நாட்கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இதற்கு நேர்மாறாக, நுனியை மடக்க முடியவில்லை என்றால் அது அறுவைச் சிகிச்சைக்கான காயம். தள்ளிப்போடப் போட, உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப்போன தசைநாணை இழுத்துத் தைப்பது கடினமாகிவிடும். இரண்டையும் பிரித்தறிய அரை நிமிடம் போதும்: நடுமூட்டைப் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கச் சொல்லுங்கள், நிமிர்த்தச் சொல்லுங்கள்.

முழங்கை வெளிப்பக்க வலிக்கான பட்டையை எலும்பின் மேலேயே கட்டுகிறார்கள். அது எலும்புக்கு இரண்டு விரல் அகலம் கீழே, முன்கைச் சதையின் மேல் வர வேண்டும். ஆடும்போது மட்டும் போதும், கை மரத்தால் தளர்த்துங்கள்.

டேப்பைக் கழற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரே இழுப்பில் பிய்த்தால் மேல்தோலும் சேர்ந்து வரும். மொட்டை முனைக் கத்தரிக்கோலை உள்முட்டின் பின்பள்ளம் வழியாக மேலிருந்து நுழைத்து வெட்டிவிட்டு, டேப்பைத் தோலை ஒட்டியே பின்னால் மடித்துப் படுக்கவைத்து மெல்ல இழுங்கள், மறு கையால் தோலைப் பின்னுக்கு அழுத்திக்கொண்டே. ஒட்டிய இடம் மட்டும் சிவந்து அரித்தால் பசையில் இருக்கும் பைன் மரப் பிசின் ஒவ்வாமல் போயிருக்கலாம். அடுத்த முறை ஒவ்வாமை தராத வகையைக் கேட்டு வாங்குங்கள். அதே சிவப்பின் மேல் மறுநாளும் ஒட்டக் கூடாது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். எழுத்தில் விளக்கக் கடினமாக இருப்பது குதிகால் பூட்டும் நங்கூரங்களின் இடமும்தான். வாய்ப்பிருந்தால் விளையாட்டுப் பக்கத்தில் அவற்றைக் கோட்டோவியமாக, இழுக்கும் திசைக்கு அம்புக்குறியோடு வெளியிடுங்கள். அதன் பக்கத்திலேயே, ஒட்டாவா விதிகளில் அழுத்திப் பார்க்கும் இடங்களைக் காட்டும் படமும் வரட்டும். பயிற்சியாளர்கள் வெட்டி எடுத்து முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
விளையாட்டுக் காயச் சிகிச்சையில் ஈடுபட்டுள்ள இயன்முறை மருத்துவர்கள்